மஞ்சள் காரின் தூசி

இங்கே நான் சரிபார்த்தவற்றை மட்டுமே எழுதுகிறேன். இது முதலில், என் மகள் கேட்டுக்கொண்டபடி, ஒரு மருத்துவருக்காக ஒற்றைத் தாளில் எழுதப்பட்டது. முதல் வரைவில் நடந்தவையும் நடந்திருக்குமோ என்று நான் அஞ்சியவையும் கலந்திருந்தன. மகள் படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். பிறகு நாட்காட்டியையும், கடைச் சீட்டுகளையும், என் வேலைக் குறிப்பேட்டையும், மனைவியின் நினைவையும் கொண்டு வரிவரியாக ஒப்பிட்டேன். ஒப்பிட முடியாதவற்றை நீக்கினேன். நீக்கியவை நிறைய.

ஸ்லாட் கார் என்பது உள்ளங்கையில் அடங்கும் பந்தயக் கார். பலகைப் பாதையில் வெட்டிய பள்ளத்தில் அதன் அடிமுள் செருகி நிற்கும். பள்ளத்தின் இருபுறமும் பதித்த உலோகப் பட்டைகளிலிருந்து மின்சாரம் பெற்று ஓடும். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டவற்றைத் தேடி வாங்கிப் பழுது பார்த்து, மீண்டும் வண்ணம் பூசுவது என் ஓய்வுக்காலத்து வேலை. அதற்கு முன் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். சிங்கப்பூரில், தேக்கா சந்தைக்குப் பின்னால் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில், மகள் மணமாகித் தஞ்சோங் பகாருக்குப் போன பின் வெறுமையாகக் கிடந்த அவளுடைய அறையே என் வேலைக்கூடம்.

பழைய கார் ஒன்று கைக்கு வந்தால் முதலில் அதன் பூச்சுகளைப் படிப்பேன். உடையவர் மாறும்போதெல்லாம் ஒருவர் பூச்சின் மேல் மற்றவர் பூசியிருப்பார். கூரையின் ஓரத்தில் கட்டைவிரல் நகமளவு இடத்தை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால், வெட்டிய வெங்காயத்தில் தெரிவதுபோல நிறங்கள் வளையம் வளையமாகத் தெரியும். இந்த வேலையைச் செய்யும் மற்றவர்கள் நீர்விட்டுத் தேய்ப்பார்கள், தூசி எழாது. நான் உலர்ந்த நிலையிலேயே தேய்த்துவந்தேன். நனைந்த வெள்ளை சாம்பலாகத் தோன்றும். நனைந்த சிவப்பு தன் வயதை மறைக்கும். எனக்கு உண்மையான நிறம் வேண்டியிருந்தது. தூசி தேங்கினால் வளையங்களின் எல்லை மங்கிவிடும் என்பதால் மேசைக் காற்றாடியைக் காரின் பக்கம் திருப்பி வைத்திருப்பேன். ஒவ்வொரு பூச்சின் தூசியிலும் ஒரு சிட்டிகை எடுத்துத் தாளில் மடித்து, மேலே காரின் பெயரையும் அடுக்கின் எண்ணையும் எழுதி வைப்பேன். முகக்கவசம் அணிவேன். எனக்குத் தும்மல் வரும் என்பதற்காக அணிந்தேன். வேறு எதையும் எண்ணியல்ல.

மஞ்சள் காரைத் தந்தவர் காத்தோங்கில் இருக்கும் என் நண்பர். யாழ்ப்பாண வழியினர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இளமையில் அந்தக் காரை அவரே பந்தயத்தில் ஓட்டியிருக்கிறார். ஐந்து பூச்சுகள் இருந்தன. அடியில் கெட்டியான மஞ்சள். பழைய பூச்சைக் கரைக்கப் பிரேக் எண்ணெயில் ஊறவைப்பது வழக்கம். ஆனால் அதன் உடல் அவ்வளவு மெலிந்து நொறுங்கும் நிலையில் இருந்ததால், முழுவதையும் உப்புத்தாளாலேயே எடுத்தேன். நான்கு காலைப்பொழுதுகள் ஆயின. மஞ்சள் தூசி மாவுபோல இருந்தது என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

அந்த நான்கு நாள்களுக்குப் பின், ஐந்தாம் நாள் மகளுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். சடங்கு முடிந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்துவந்து, பிள்ளைபெறும் வரை வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அவளுடைய அறையை அவளுக்குத் திருப்பித் தர வேண்டியிருந்தது. முந்தின நாள் மாலை மேசையை மடித்தேன். திரைச்சீலைகளை அறைக்குள்ளேயே நின்று உதறினேன். உலர்ந்த துடைப்பத்தால் தரையைக் கூட்டினேன். நல்ல நாளில் பழைய அழுக்குப் பொட்டலங்கள் வீட்டில் வேண்டாம் என்று மனைவி சொன்னாள்; தூசி மடித்து வைத்திருந்த தாள்கள் அனைத்தையும் நானே, கீழ்த்தளத் தொட்டிக்கு இறங்கும் சமையலறைக் குப்பைக் குழாயில் போட்டேன். பிறகு கட்டிலை விரித்தேன். மேசை இருந்த இடத்தில்தான் கட்டில் வந்தது.

மகள் அந்தக் கட்டிலில் பத்தொன்பது இரவுகள் உறங்கினாள். இருபதாம் நாள் காலை, வண்ணம் முடிந்த காரைக் காத்தோங்கிற்குக் கொண்டுபோனேன்.

நண்பர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூரையில் கட்டைவிரலை ஓட்டினார்.

“வடிவாச் செய்திருக்கிறீர் தம்பி. அடியிலை கிடந்த மஞ்சளை எப்பிடி எடுத்தனீர்?”

உலர்ந்த உப்புத்தாள் என்றேன். காரை மேசையில் வைத்துவிட்டார்.

“காய்ஞ்சபடியோ? அது கப்பலுக்கு அடிக்கிற பெயின்ட் தம்பி. துறைமுகத்திலை ஒரு ஆள் போத்திலிலை ஊத்தித் தந்தவர். அந்தக் காலத்துச் சாமான், ஈயம் கிடக்கும். முகத்துக்கு ஏதும் கட்டினனீரோ?”

கட்டினேன் என்றேன்.

“அப்ப உமக்குப் பயமில்லை” என்று சொல்லிச் சிரித்தார். என் மகள் அந்த அறையில் இருப்பது அவருக்குத் தெரியாது.

தேநீர் கொண்டுவந்தார், குடித்தேனா என்று நினைவில்லை. பேருந்தில் அமர்ந்து கைப்பேசியில் தேடினேன். தாயின் இரத்தத்தில் கலந்த ஈயம் கருவிலிருக்கும் குழந்தையையும் சென்றடையும் என்று படித்தேன். பிற்பாடு மருத்துவரும் அதையே சொன்னார். மற்றவற்றைப் படிக்காமல் கைப்பேசியை அணைத்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டிருந்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது உள்ளறையில் வளையல் ஒலி கேட்டது. அவள் தரையில் அமர்ந்து, பிறக்கப்போகும் குழந்தைக்கு வாங்கிய சட்டைகளைக் கட்டிலின் மேல் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இரு கைகளிலும் முழங்கைக்குப் பாதிவரை கண்ணாடி வளையல்கள். ஒவ்வொரு சட்டையையும் மடிக்கும் முன் ஒருமுறை உதறினாள்.

நான் சொன்னது பொய். அறையின் குளிரூட்டி ஒழுகுகிறது, பழுது பார்க்கும்வரை கூடத்தில் படுத்துக்கொள் என்றேன். முப்பத்தொரு ஆண்டுகள் பிறர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிப் பிழைத்தவன் நான். அந்தப் பொய் தடையில்லாமல் வந்தது.

அடுத்த மூன்று நாள்களும் என் இரத்தத்தைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தேன். மறுநாள் பலதுறை மருந்தகம் எனப்படும் அரசு மருத்துவ நிலையத்துக்குப் போய், ஈய அளவைப் பார்க்கும்படி கேட்டு இரத்தம் கொடுத்தேன். முடிவு வரச் சில நாள்கள் ஆகும் என்றார்கள். என் இரத்தத்தில் இல்லை என்றால் அவளுடையதிலும் இருக்காது, சொல்லவே வேண்டியிராது என்று கணக்கிட்டேன். நான் கவசம் அணிந்திருந்தேன், அவள் அணிந்திருக்கவில்லை என்பது அந்தக் கணக்கில் விடுபட்டதை அறிந்தே விட்டேன். அந்த அறையை ஈரத்துணியால் நாளுக்கு இருமுறை துடைத்தேன். வாளியில் நீர் கலங்குகிறதா என்று பார்ப்பேன். கலங்கினாலும் பயம், கலங்காவிட்டாலும் பயம். கூடத்தில் அவள் புரண்டு படுத்தால் வளையல் ஒலிக்கும்; என் கை நின்றுவிடும்.

மூன்றாம் நாள் பிற்பகல் அவள் அறை வாசலில் வந்து நின்றாள். நான் முகக்கவசத்துடன் சன்னல் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“ஏர்கான் ஒழுகவே இல்ல அப்பா. நேத்தே பாத்துட்டேன். மாஸ்க் எதுக்கு? என்ன நடக்குதுன்னு சொல்லுங்க.”

சொன்னேன். கவசத்தைக் கழற்றாமலே சொன்னேன், பிறகுதான் கழற்றினேன். நண்பர் கூறியதை அவர் கூறியபடியே சொன்னேன். காற்றாடியைச் சொன்னேன், துடைப்பத்தைச் சொன்னேன். மனைவி சமையலறையிலிருந்து வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். மகள் குறுக்கிடாமல் கேட்டாள். முடித்த பின் ஒன்றே கேட்டாள்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“மூணு நாள் ஆச்சும்மா.”

“மூணு நாள்.” வயிற்றின் மேல் கையை வைத்தாள். “கோர்ட்ல கொலகாரன் சொன்னதக்கூட ஒரு வார்த்த விடாம சொல்வீங்க. எங்கிட்ட மட்டும் லீவு போட்டுட்டீங்களா? அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லா.”

அவள் குரல் உயரவில்லை.

பிறகு அவள் செய்ததை மனைவி இன்றுவரை வாய்விட்டுப் பேசுவதில்லை. குளியலறைக்குப் போய், கைகளில் சவர்க்காரம் பூசி, வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பிள்ளை பிறக்கும்வரை அவற்றைக் கழற்றக் கூடாது என்பது வழக்கம். அடுக்குகளுக்கு இடையே தூசி தங்கியிருக்கலாம் என்று எண்ணியிருக்கிறாள்; நான் கேட்டபோது அப்படித்தான் சொன்னாள். வாளி நீருக்குள் அவை ஒன்றன்மேல் ஒன்று விழும் ஒலி கேட்டது. கதவுக்கு வெளியே மனைவி, “வேணாம்டி, அதையாச்சும் விட்டுடு” என்றாள். ஒலி நிற்கவில்லை. எண்ணி முடித்ததுபோல ஒரு கணம் நின்று, பிறகு மற்றக் கைக்குத் தொடர்ந்தது. அதன்பின் வீட்டில் அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று.

மறுநாள் மருத்துவமனையில் அவளுக்கு இரத்தம் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திருந்த நாள்களைப் பற்றிச் சரிபார்க்கத்தக்கது ஏதும் என்னிடம் இல்லை. குறிப்பேட்டில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அவள் சாப்பிட மறுத்தால் நஞ்சின் அறிகுறியோ என்று எண்ணினேன். நன்றாகச் சாப்பிட்டால் எந்தத் தட்டில் சாப்பிடுகிறாள் என்று பார்த்தேன். குழந்தை உதைக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மனைவியைக் கேட்கச் சொன்னேன். உதைக்கிறதாம் என்று அவள் வந்து சொன்னாள். அரைமணி கழித்து மறுபடி கேட்கச் சொன்னேன்.

மருத்துவர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். மகளின் இரத்தத்தில் ஈயம் இருந்தது. மிகக் குறைவு, மருந்து தேவையில்லை, ஆனால் கருவுற்றவருக்கு இல்லாமலிருப்பதே நல்லது, ஒரு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். என்னுடையது அவளுடையதைவிடக் கூடுதல், எனினும் எனக்கும் மருந்து தேவையில்லை. என் ஈயம் மஞ்சள் தூசியால் வந்ததா, பல ஆண்டுகளாகக் கார் மின்னோடிகளின் கம்பிகளை ஈயம் கொண்டு பற்றவைத்ததால் வந்ததா என்று கேட்டார். எந்தப் பூச்சை, எப்போது, எப்படி எடுத்தேன் என்று எழுதித் தந்தால் உதவும் என்றார். மகள் என் பக்கம் திரும்பினாள்.

“தெரிஞ்சத மட்டும் எழுதுங்கப்பா. பயந்தத எழுதாதீங்க.”

அன்று மாலையே மருமகன் வந்து அவளைத் தஞ்சோங் பகாருக்கு அழைத்துப்போனார். பிள்ளைப்பேறு அங்கிருந்துதான். தாய்வீட்டில் ஏன் இல்லை என்று உறவினர் கேட்டால், மின்தூக்கியைப் புதுப்பிக்கிறார்கள் என்று மனைவி சொல்கிறாள். நான் மறுத்துப் பேசுவதில்லை. கார்களையும் கருவிகளையும் மூடிய பெட்டிகளில் இட்டு ஒரு சேமிப்பறைக்கு அனுப்பிவிட்டேன். வளையல்கள் கழுவி, துணியில் முடிந்து, அலமாரியில் இருக்கின்றன. அவள் அவற்றை எடுத்துப்போகவில்லை.

தாளை முடிக்கும் முன் நண்பரை மீண்டும் பார்த்தேன். இம்முறை மகளைப் பற்றியும் சொன்னேன். கேட்டுவிட்டு, கப்பல் பெயின்ட் அந்தக் காருக்குத்தான் அடித்தாரா, அதே ஆண்டில் வைத்திருந்த இன்னொரு காருக்கா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார். எனக்கு ஆறுதலுக்காகச் சொல்கிறாரோ என்று கேட்டேன். “இல்லைத் தம்பி, உண்மையிலை ஞாபகம் இல்லை” என்றார். அதையும் தாளில் சேர்த்தேன்.

அந்த மஞ்சள் பூச்சில் ஈயம் இருந்ததா என்பது தெரியவில்லை. காரில் அது ஒரு துளியும் மிச்சமில்லை. தாளில் மடித்து வைத்ததைக் குப்பைக் குழாயில் நானே போட்டேன். மகள் இரத்தத்தில் இருந்த ஈயம் அந்த அறையிலிருந்து வந்ததா என்று மருத்துவராலும் சொல்ல இயலவில்லை. நான் மறைத்த மூன்று நாள்களால் ஏதும் கூடியதா என்பதும் தெரியாது. அவளுடைய இரண்டாம் பரிசோதனை வரும் வாரம். குழந்தை இன்னும் பிறக்கவில்லை.