இந்தத் தெருவில் இதுதான் ரேட்

வீடு தேடுகிறவரிடமும் வீடு வைத்திருப்பவரிடமும் ஒரே நாளில் திட்டு வாங்கி, இரண்டு பேர் வீட்டிலும் காபி குடிக்கிற தொழில்தான் வீட்டுத் தரகு. பாளையங்கோட்டையில் இருபத்தெட்டு வருஷமாக நான் அதைத்தான் செய்கிறேன். ஆபீஸ் என்று எதுவும் கிடையாது. ஒரு பழைய ஸ்கூட்டர் உண்டு, பை நிறைய அடுத்தவர் வீட்டுச் சாவிகள் உண்டு. சுவரில் ஒரு ஆணி அடிக்க நாலு நாள் யோசித்தவர்களும், ஓனர் செருப்புச் சத்தம் கேட்டதும் டி.வி.யைக் குறைத்தவர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்றால், நானும் உங்கள் கட்சிதான். ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுத்த எனக்குச் சொந்த வீடு கிடையாது.

சிரித்ததற்கு இரண்டாயிரம்

கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனபிறகு, சென்னையிலிருந்து ஒரு கூட்டம் இங்கே வர ஆரம்பித்தது. திருநெல்வேலியில் சல்லிசாக இருக்கலாம் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அப்படி வந்த ஒருவரைப் பெருமாள்புரத்தில் ஒரு மாடி வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வீடு அவருக்குப் பிடித்துவிட்டது. ஓனர் அண்ணாச்சி கூடவே நின்றார். வாடகை எவ்வளவு என்று சென்னைக்காரர் கேட்டார், எட்டாயிரம் என்றேன். மனுஷன் வாய்விட்டுச் சிரித்து, "இவ்ளோதானா? அங்க இது பைக் நிறுத்தற இடத்துக்குக் கூட பத்தாதே!" என்றார்.

ஓனர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மாடிப்படியில் பைய இறங்கினார், பாதியில் நின்றார், தண்ணீர்த் தொட்டியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் காதோரம் வந்து சொன்னார்: "சார் சிரிச்சதும்தான் மோட்டார் ரிப்பேர் ஞாபகம் வருது. பத்தாயிரம்னு சொல்லிரும் வே."

ஒரு சொம்புத் தண்ணீர்

முன்பெல்லாம் வீடு பார்க்க வருகிறவர்கள் அறையைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பார்ப்பார்கள். ஓனர் வீட்டு அம்மா ஒரு சொம்பில் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். குடித்துவிட்டு, "ஆத்துத் தண்ணிதான்" என்று தலையாட்டினால் பாதி பேச்சு முடிந்தது என்று அர்த்தம். தாமிரபரணித் தண்ணீர் வருகிற வீட்டுக்கு நான் வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதே இல்லை. அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. இப்போது வருகிறவர்கள் சொம்பை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷினுக்கு பிளக் பாயிண்ட் எங்கே என்று கேட்கிறார்கள்.

ஆனால் போன வருஷம் ஒருவர் வந்தார். கல்லிடைக்குறிச்சிக்காரர், பிறந்ததிலிருந்து ஆற்றில் குளித்து வளர்ந்தவர், ரிட்டயரான கிளார்க். வீட்டுக்கார அம்மா கொஞ்சம் கௌரவம் பார்க்கிறவர்கள். வருகிறவருக்குக் குழாய்த் தண்ணீரைக் கொடுத்தால் மட்டமாக நினைப்பாரோ என்று, கடையிலிருந்து கேன் தண்ணீர் வாங்கிச் சொம்பில் ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். பெரியவர் ஒரு மிடறு குடித்தார். வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரைப் பார்த்து நடந்தார். அந்த அம்மா குழாயைத் திறந்து காட்டியும் அவர் திரும்பவில்லை. "நல்ல தண்ணி வாரதா இருந்தா எதுக்கு வே கடைத் தண்ணியக் குடுக்காக? வண்டிய எடும்."

டீச்சர் போட்ட கண்டிஷன்

நாங்கள் குடியிருந்தது எஸ்தர் டீச்சர் வீட்டின் பின்கட்டில். இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு முருங்கை மரத்தடி. முன்கட்டில் டீச்சர். கல்யாணமான மூன்றாம் மாதம் நானும் என் மனைவி செல்வமும் அந்த வீட்டைக் கேட்டுப் போனோம். டீச்சர் அட்வான்ஸ் கேட்கவில்லை, என்ன ஆட்கள் என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மிக்ஸி போடக் கூடாது, எனக்குக் கோவில் மணி கேட்க வேண்டும் என்றார்கள். அவர்கள் கோவில் என்று சொன்னது தெருக்கோடியில் இருந்த சர்ச்சை.

அந்த மணிக்காக இருபத்தாறு வருஷம் நாங்கள் சனிக்கிழமையே சட்னியை அரைத்து வைத்தோம். என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் எழுத்து சொல்லிக்கொடுத்தது டீச்சர்தான். ஊரில் விலைவாசி ஏறுகிறதே, நாமாவது நியாயமாக இருப்போம் என்று ஒரு தடவை நானே ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்தேன். டீச்சர் அதைத் திருப்பி என் சட்டைப்பையில் வைத்தார்கள். "நான் கேட்டாத் தா தம்பி. நீயாக் கூட்டினா, பொறவு நான் கேட்டுப் பழகிருவேன்."

பக்கத்து வீடு

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் கமிஷன் ஒரு மாத வாடகை. வாடகை ஏறினால் கமிஷனும் ஏறும். அதனால் ஓனர் ஏழு என்று சொன்னால், "இந்தத் தெருவுல இப்ப எட்டுதான் ரேட் அண்ணாச்சி" என்பது என் வாய்ப்பழக்கம். நான் சொன்ன பிறகு அதுதான் ரேட் ஆகிவிடும். அடுத்த வீட்டுக்காரர் என்னிடம் கேட்கும்போது அந்த எட்டிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஆள் பார்க்கும்போது அந்தச் சிரித்த சென்னைக்காரரின் நண்பர் ஒருவர் வந்தார். அவரிடம் பன்னிரண்டாயிரம் பேசி முடித்தேன். அந்தத் தெருவில் அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அல்வாப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். செல்வம் பொட்டலத்தைப் பிரித்தாள், ஒரு துண்டு வாயில் போட்டாள். "நல்லாத்தான் இருக்கு. தெரு பூரா ஏத்தி விடுதீங்களே, நாம எந்தத் தெருவுல இருக்கோம்னு ஞாபகம் இருக்கா?"

கோயம்புத்தூரிலிருந்து போன்

டீச்சருக்கு முழங்கால் முடியாமல் போய், மகன் வந்து கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போய்விட்டார். கிளம்பும்போது கார்க் கண்ணாடியை இறக்கி, முருங்கைக்குத் தண்ணீர் விடச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆறு மாதம் கழித்து மகன் போன் பண்ணினார். நல்ல பையன், என் கண் முன்னால் வளர்ந்தவன். அம்மாவின் மருந்துச் செலவு ஏறிவிட்டது, பின்கட்டு வாடகையைக் கொஞ்சம் சரி பண்ண வேண்டும், அங்கே இப்போது என்ன ரேட் என்று கேட்டார்.

நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்தது நாலாயிரத்து ஐந்நூறு. ஆறு என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. செல்வம் கதவோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் வீட்டுக் கணக்கில் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அது மட்டும் இல்லை, பக்கத்து வீட்டுக்குப் பேசிக் கொடுத்ததே நான்தான் என்று தெரு முழுக்கத் தெரியும். எங்களுடையது சின்ன வீடு, பத்தாயிரம் போகும் என்று சொன்னேன். எங்களுக்கு அது கட்டாது என்றும் சொன்னேன். அவருக்கும் சங்கடம்தான். கடைசியில் சொன்னார்: "அப்ப நல்ல ஆளா நீங்களே பாத்துக் குடுங்க மாமா. உங்கள விட்டா எனக்கு அங்கன யாரைத் தெரியும்?"

எங்கள் வீட்டைப் பார்க்க வந்தவர்கள்

ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் எங்களுக்கு ஒரு மாதம் கூடக் கிடைத்தது. ஆவணி பிறந்ததும், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கே போய், வெளியாள் மாதிரி கதவைத் தட்டினேன். இது சமையலறை, காலை வெயில் வரும் என்றேன். இது சின்ன அறை, பிள்ளைகள் படிக்கலாம் என்றேன். செல்வம் சொம்பில் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். அந்தப் பெண் சொம்பை ஓரமாக வைக்கவில்லை, நின்ற இடத்திலேயே முழுவதும் குடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மீட்டர் பெட்டியைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அந்தப் பையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எட்டுக்கு முடித்துக் கொடுங்கள் என்று கெஞ்சினான். "இந்தத் தெருவுல இதுதான் ரேட் தம்பி" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. உள்ளே செல்வம் அந்தப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது: "ஞாயித்துக்கிழம காலையில மட்டும் மிக்ஸி போடாதம்மா. மணி சத்தம் கேக்க நல்லாருக்கும்."

இப்போது நாங்கள் ஊருக்கு வெளியே, போர்வெல் தண்ணீர் வருகிற ஒரு வீட்டில் இருக்கிறோம். அந்த ஜோடி பத்துக்கு ஒத்துக்கொண்டு கொடுத்த கமிஷன்தான் இதற்கு அட்வான்ஸ். இங்கே பக்கத்தில் கோவிலும் இல்லை, மணியும் இல்லை, ஆனாலும் செல்வம் சனிக்கிழமையே சட்னி அரைத்து வைத்துவிடுகிறாள். இருபத்தெட்டு வருஷத்தில் நான் வாடகைக்குப் பேசி முடித்த வீடுகளிலேயே நல்ல வீடு நாங்கள் காலி செய்த வீடுதான், தரகனாகச் சொல்கிறேன், அதற்குப் பத்தாயிரம் கம்மி.