அம்மாவை எடுத்த நாள்

எண்பதுகளின் தொடக்கம். வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் வேலையில் இருந்தேன். அம்மா இறந்துவிட்டதாகச் செய்தி வந்ததும் பஸ் பிடித்துப் பெருநகர் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் காலனிக்கு ஓடினேன். தெருமுனையிலேயே என் கால் நின்றுவிட்டது. ஒரு பக்கம் காவிக்கொடி கட்டிய வேன், பக்கத்தில் பச்சை மூங்கிலில் கட்டிய பாடை. எதிர்ப்பக்கம் மூடியில் சிலுவை வரைந்த சவப்பெட்டி. நடுவில் எங்கள் வீடு.

அண்ணன் குடும்பத்தோடு சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் வாங்கியிருந்தான். தம்பியோ உத்திரமேரூரில் காவிக்கொடியோடு புதிதாகக் கிளம்பியிருந்த ஓர் இளைஞர் கூட்டத்தோடு சுற்றிக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு இதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவாள். கிறிஸ்துமஸுக்கு அண்ணன் எடுத்துக்கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு சர்ச்சில் போய் உட்காருவாள். ஆனால் அந்த வருடம் வெளியூர்க்காரர்கள் மாறி மாறி எங்கள் தெருவில் மைக் கட்டினார்கள். ஒருவர் எங்கள் சாமியைப் பேய் என்றார். இன்னொருவர் மதம் மாறியவர்களைத் துரோகி என்றார். எதிரெதிரே வந்தால் அண்ணனும் தம்பியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

கூட்டத்தை விலக்கி உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அம்மாவின் தலைமாட்டில் அண்ணி மட்டும் உட்கார்ந்திருந்தாள். அழக்கூடப் பயந்த முகம். வெளியே சத்தம் ஏறிக்கொண்டே போனது.

"எங்க சபைக்கு வந்து ஜெபம் பண்ணவங்க. கல்லறைத் தோட்டத்துல தான் அடக்கம்" என்றார் போதகர்.

"சாவற வரைக்கும் நெத்தியில குங்குமம் வெச்சிக்கினு இருந்தவங்கய்யா. பெட்டி உள்ள போச்சுன்னா இன்னிக்கு இங்க ரத்தம் தான்" என்றார் வேனில் வந்தவர்களில் மூத்தவர்.

ஒரு கல் வந்து கூரை ஓட்டில் விழுந்தது. உடைந்த சில்லு அம்மாவின் காலருகே சிதறியது. அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். பயமா கோபமா, இன்று வரை சொல்லத் தெரியவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து வாசற்படியில் நின்றேன்.

வேன்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவங்க பொண்ணா நீ? உங்கம்மா இந்துவா, கிறிஸ்தவரா? ஒரே வார்த்தையில சொல்லிடு."

"காய்ச்சல்ல கெடக்க சொல்லோ வந்து கேட்டிருக்கலாமே. அவங்களே சொல்லி இருப்பாங்க. அப்போ நீங்க யாரும் வரலியே. எங்கம்மா பேராவது தெரியுமா உங்களுக்கு?"

அவர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். போதகர் அண்ணனைப் பார்த்தார்.

"வெளியூரு ஆளுங்க எல்லாம் மெயின் ரோட்டுக்குப் போற வரைக்கும் கதவத் தொறக்க மாட்டேன். பொணம் நாறினாலும் சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டேன். கதவில் சாய்ந்து உட்கார்ந்தேன். யாரோ கதவை எட்டி உதைத்தார்கள். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து அண்ணனின் குரல் கேட்டது. "பாடையிலயே எடுக்கலாம். பெட்டி வேணாம்."

பிறகு தம்பி சொன்னான்: "அப்போ மோளமும் வேணாம்."

வேன் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் கதவைத் திறந்தேன். போதகர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார். முன்னால் ஒரு பக்கம் அண்ணனும் மறுபக்கம் தம்பியும் தோள் கொடுக்க, காலனிச் சுடுகாட்டில் முன்பே செத்துப்போன எங்கள் நைனாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அம்மாவைப் புதைத்தார்கள். பாட்டும் இல்லை, பறையும் இல்லை. அவ்வளவு அமைதியான சாவை எங்கள் தெரு பார்த்ததில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. பாடையில் எடுத்ததற்காக அண்ணனைச் சபையில் விலக்கி வைத்தார்கள். தெருக் குழாயில் அண்ணி தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று தம்பியின் கூட்டாளிகள் குடத்தை உருட்டிவிட்டார்கள். அண்ணன் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு வாலாஜாபாத்துக்கே வந்துவிட்டான்.

ஒருநாள் மில் வாசலில் தம்பி நின்றிருந்தான். இளைத்திருந்தான்.

"அண்ணன் நல்லா கீறாரா?"

"பக்கத்துத் தெரு தான். போய்ப் பாரேன்."

அவன் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். "எங்காளுங்க யார்னா பாத்தா பேஜாரா பூடும்க்கா" என்றான்.

வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.