யாருக்கும் தெரியாத குளவிக்கூடு

இலங்கையின் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் வெளிக்கள உத்தியோகத்தர். மேல் பிரிவுப் பெண்களைக் கொழுந்து பறிக்க அனுப்பி மேற்பார்வை செய்வது என் வேலை. ஒருநாள் ஆற்றோர மலைக்குப் போனவர்கள் பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். மரங்களில் குளவிக்கூடுகள் தொங்குகின்றன என்றார்கள். நானும் போய்ப் பார்த்தேன். உடனே தோட்டத்துத் துரையிடம் சென்று, கூடுகளை அகற்றும்வரை அங்கே யாரையும் அனுப்பக்கூடாது என்றேன். மேனேஜரை இன்னும் துரை என்றுதான் சொல்கிறோம். ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்.

மறுநாள் அதே மலையில் கீழ் பிரிவுப் பெண்கள் நின்றார்கள். கொழுந்து முற்றுகிறது என்று துரைதான் அனுப்பச் சொல்லியிருந்தார். அந்தப் பிரிவின் உத்தியோகத்தர் புதியவர், வேலை நிரந்தரமாகாதவர். கூடுகளைப் பற்றி அவரிடம் துரை வாயே திறக்கவில்லை.

அலறல் கேட்டு ஓடினேன். பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டுச் சிதறிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் தேயிலைக்குள் விழுந்து கிடந்தார். அவரைத் தூக்கப் போன புதியவரின் முகமும் வீங்கியிருந்தது. கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி வருவதற்குள் அந்தப் பெண்ணின் மூச்சு நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்ததும் ஆபீசில் விசாரணை. கம்பனியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கூடுகள் இருந்தது யாருக்கும் தெரியாது என்று எல்லோரும் சொல்லிவிட வேண்டும் என்று பெரிய கிளாக்கர் முன்பே காதில் போட்டிருந்தார். என்னால் முடியவில்லை. முதல் நாளே துரையிடம் சொன்னதாகச் சொன்னேன்.

துரை பதறவில்லை. அதைக் கீழ் பிரிவுக்கும் சொல்லி அனுப்பியதாகவும், புதியவர்தான் அலட்சியமாக இருந்துவிட்டதாகவும் சொன்னார். யார் மூலம் சொல்லி அனுப்பினீர்கள் என்று கேட்டேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி கம்பனிக்காரர் என்னை அடக்கினார். மற்றவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புதியவரின் வேலை போனது. பஸ்ஸுக்கு நின்றவரிடம் போய், கம்பனிக்கு எழுதுகிறேன் என்றேன்.

"நீங்க உண்மையத்தாங்க சொன்னீங்க," என்றார். "ஒங்க மேல வருத்தமில்ல. ஆனா அந்தம்மாவ நான் தெரிஞ்சே அனுப்புனேன்னு ஊரே பேசுதுங்க."

எழுதினேன். பதில் வரவில்லை. துரை இன்னும் துரையாகத்தான் இருக்கிறார். தவறு புதியவருடையதல்ல, துரையுடையது என்று இறந்தவரின் கணவரிடம் இரண்டொரு தடவை எடுத்துச் சொன்னேன். கடைசியாகச் சொன்னபோது அவர் நிற்கக்கூட இல்லை.

"இனி அது யாரா இருந்தா என்னங்கய்யா," என்று சொல்லிக்கொண்டே லயத்து வீடுகள் பக்கம் இறங்கிப் போனார்.