மாடி அறையில் அம்மா போட்ட ரயில் பாதை

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பலர், அம்மாவிடம் எதையாவது விசாரித்து, "எதுக்குக் கேக்குறீங்க?" என்ற பதிலை வாங்கியிருப்பீர்கள். அம்மா பிறந்தது அனந்தபுரம். வாழ்க்கைப்பட்டது திண்டிவனம். நாங்கள் பள்ளியில் படிக்கும்போதே அப்பா காலமானார். அதன்பின் விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை ரயிலிலேயே போய் வந்தார். தனி ஆளாக எங்களை வளர்த்தவருக்கு யாரையும் சட்டென்று நம்பும் வழக்கம் இல்லாமல் போயிற்று. கடைக்காரர் ஒரு வெங்காயம் கூடுதலாகப் போட்டால், மற்றதெல்லாம் அழுகலோ என்று கொட்டிப் பார்ப்பார்.

ஓய்வுக்குப் பிறகு, கரண்டில் ஓடும் மாதிரி ரயில் ஒன்றைத் தங்கை வாங்கித் தந்தாள். அதை வட்டமாக ஓட விடுவதில் அம்மாவுக்கு விருப்பமில்லை. "சுத்திச் சுத்தி வந்தா எந்த ஊருக்குப் போய்ச் சேர்றது?" என்றார். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை பாதை போடுவது என்று முடிவாயிற்று. மாடி அறைத் தரையில் சாக்கட்டியால் வரைந்தார். வளைவு நெருக்கமாக இருந்தால் பெட்டி கவிழும் என்று அழித்து அழித்து வரைந்தார். பிறகு பலகை, தண்டவாளம், ஒயர் என்று ஒவ்வொன்றாக மேலே ஏறின. வழியில் வரும் மயிலம் மலையைத் தெர்மாகோலில் செதுக்கினார்.

அந்த அறை எங்களுக்கும் கீழ்வீட்டில் இருக்கும் சித்தப்பாவுக்கும் பொது. அப்போது பாகம் பிரிக்கவில்லை. பலகைகள் மேலே போவதைச் சித்தப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா அண்ணி, மேல என்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

"ரயில் விட்டுக்கினு இருக்கேன்."

கேலி செய்கிறார் என்று சித்தப்பா நினைத்தார். பாகம் பிரிக்கும்போது ஆகும் என்று ஒருவரை அழைத்துவந்து மாடிப்படியையும் வெளிச்சுவரையும் டேப் வைத்து அளந்தார். அம்மா அறைக்குப் புதுப் பூட்டு போட்டார்.

மழைக்காலத்தில், அதுவரை ஒழுங்காக ஓடிய ரயில் பேரணி ஸ்டேஷன் வளைவில் தடம் புரளத் தொடங்கியது. சித்தப்பா கள்ளச்சாவி போட்டு உள்ளே வருகிறார் என்று அம்மா முடிவு கட்டினார். வாசற்படியில் கோலமாவைத் தூவி வைத்தார். காலடி எதுவும் விழவில்லை. "ஜன்னல் வழியா கம்பு விட்டுத் தள்றாரோ?" என்றார். கடைசியில் மாடிப்படியிலேயே மறித்துக் கேட்டுவிட்டார்.

"ஏன் தம்பி, என் ரயிலைத் தொட்றீங்களா?"

"நானா? நெஜமாவே ரயிலா வெச்சிருக்கீங்க?"

அம்மா கதவைத் திறந்து ஓட்டிக் காட்டினார். எஞ்சின் அதே இடத்தில் கவிழ்ந்தது. சித்தப்பா குனிந்து பலகையின் அடியைத் தடவினார். "ஈரமா இருக்குது அண்ணி. செவுரு ஒழுவுது, பலகை உப்பிக்கிச்சு." தடவிய கை ஓரிடத்தில் நின்றது. ரயில் ஓடும் மேசை ஒரே பலகையாக இல்லை. கதவுக்குள் நுழையும் அளவில் துண்டுகளாக வெட்டி, போல்ட்டு போட்டு இணைத்திருந்தது.

"எதுக்கு இப்டித் துண்டு துண்டா?"

"ரூமு உங்க பாகத்துக்கு வந்துட்டா, கழட்டிக்கினு போவ வேணாமா?"

சித்தப்பா இறங்கிப் போனார். மறுநாள் சிமென்ட்டோடு வந்து வெடிப்பை அடைத்தார். "செவுரு தன்னுதுன்னு காட்டத்தான் பூசுறாரு" என்று அம்மா என் காதில் சொன்னார்.

பாகப்பிரிவினையில் அறை சித்தப்பாவுக்கே போனது. அம்மா ஸ்பேனரோடு படியேறியபோது, "இருக்கட்டும் அண்ணி, இப்ப இன்னா அவசரம்?" என்று தடுத்தார். "இதுல எதுனா உள்குத்து இருக்கும்டா" என்றார் அம்மா. ஆனாலும் கழற்றவில்லை. பின்னால் வந்த நோய் முற்றும்வரை மேலே போய் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்.

விழுப்புரத்தில் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, "உங்க சித்தப்பா ரயிலைப் பிரிச்சிட்டாரா, போய்ப் பார்த்துட்டு வா" என்று என்னை அனுப்பினார். போய்ப் பார்த்தேன். பாதை முழுவதும் தூசு படாமல் வேட்டி போர்த்தியிருந்தது. திரும்பி வந்து சொன்னேன்.

"பழைய வேட்டியா, புதுசா?"

"புதுசும்மா. மடிப்புகூட கலையல."

"அப்டின்னா பிரிக்கமாட்டாரு" என்றார் அம்மா. அதன்பின் அதுபற்றிக் கேட்கவில்லை. அந்த வாரமே எங்களை விட்டுப் பிரிந்தார்.

அம்மாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், ரத்தம் கொடுத்த அலுவலக நண்பர்கள், வந்து ஆறுதல் சொன்ன உற்றார் உறவினர் அனைவருக்கும் எங்கள் நன்றி. ஆண்டு நினைவு நாளுக்கு வரும் அனைவரும் மாடிக்கு வந்து அம்மாவின் ரயிலைப் பாருங்கள். சித்தப்பாதான் ஓட்டிக் காட்டுவார். நான் உட்பட வேறு யாரையும் அதன்மீது கைவைக்க அவர் விடுவதில்லை. யாரும் மனவருத்தம் கொள்ள வேண்டாம்.