செல்லதாஸ் அண்ணன் வசனம் சொன்ன கௌபாய் படங்கள்

செல்லதாஸ் அண்ணன் இறந்துவிட்டார். நேற்று காலையில்... நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வாசல் வரை பேசிக்கொண்டேதான் போனாராம்.

உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. அதற்குக் காரணம் நான்தான்.

குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடையில் ஆறு வருஷம் நான் பில் போட்டேன். அவர் ஷீட்டைத் தரம் பிரிப்பவர். வெளிச்சத்துக்கு நேரே ஒரு தடவை தூக்கிப் பிடித்தால் போதும், கிரேடைச் சொல்லிவிடுவார்.

மழை பிடித்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு கிடையாது, ஷீட்டும் வராது. அந்த நாட்களில் கடை கம்ப்யூட்டரில் பழைய இங்கிலீஷ் படம் ஓடும். எங்கள் முதலாளிக்குக் காமெடி கௌபாய் படம் என்றால் போதும்... துப்பாக்கியைப் பார்த்தாலே பயப்படும் ஷெரிப், குதிரையில் ஏறி மறுபக்கம் விழும் ஹீரோ. எல்லாம் கோட்டிக்காரப் படங்கள்.

அண்ணனுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. அதனால் எல்லோருக்கும் அவரே வசனம் சொல்வார்.

இரண்டு பேர் தெருவில் எதிரெதிரே நின்று முறைப்பார்கள். ஐந்து நிமிஷமாகச் சுட மாட்டார்கள். அண்ணன் இருப்பில் கிடந்த ஷீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "வேலித் தகராறாக்கும். சர்வேயர் வரட்டுன்னு நிக்கானுவ."

சுமை தூக்குகிறவர்கள் சிரித்துச் சிரித்து, அடுக்கி வைத்த ஷீட் அட்டியல் மேலேயே சாய்ந்துவிட்டார்கள்.

ஒருநாள் நான், படித்தவன் என்ற திமிரில், உண்மையான வசனத்தைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. "நீ சும்மா இரி, அண்ணன் சொல்லட்டு" என்றார்கள். எனக்கு முகம் செத்துவிட்டது.

சரி... விஷயத்துக்கு வருகிறேன்.

நான்கு வருஷமாக இந்தப் பக்கத்தில் நான் எழுதும் பழைய பட பதிவுகள் இருக்கின்றனவே... நீங்கள் ஷேர் செய்து, "எப்படி சார் இப்படி யோசிக்கிறீங்க" என்று கேட்ட வரிகள். எல்லாம் அவர் சொன்னவை. சர்வேயர் வரியும்தான்.

முதல் பதிவில் "எங்கள் கடை அண்ணன் ஒருவர் சொல்வார்" என்று எழுதத்தான் செய்தேன். வாசிக்கும்போது இடிக்கிறது என்று அழித்தேன். அவ்வளவுதான், அப்புறம் கூசவே இல்லை.

போன வருஷம் எங்கள் கடைப் பையன் ஒருவனின் கல்யாணம். மண்டபத்தில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சர்வேயர் வரியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் பாயசக் கப்போடு அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"சும்மா தோணினது சார்" என்றேன் நான். அவர் காதுபடவே.

அண்ணன் மீதிப் பாயசத்தைக் குடித்து முடித்தார். வெளியே செருப்பைத் தேடும்போதுதான் கேட்டார்: "மக்கா, அந்த நகராத குதிரைய எழுதுனியா? ரப்பர் வெல கூடட்டுன்னு நிக்குதுன்னு சொன்னம்லா... அதையும் எழுது. ஆளுவ சிரிக்கும்."

குத்திக் காட்டினாரா, கொடுத்தாரா... இன்றுவரை தெரியவில்லை. அடுத்த வாரமே அதையும் என் பெயரில் போட்டேன். அந்த ஈனத்தனமும் செய்தேன்.

அதற்கு முதல் லைக் அவருடையது.

இன்று அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவர் மனைவி மேரி அக்கா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்க எழுத்துன்னா அவியளுக்கு உயிரு மக்கா. கண்ணு ஆப்பரேசனுக்குப் பொறவு நாந்தான் வாசிச்சுக் குடுப்பேன். பாதி வாசிக்கதுக்குள்ள சிரிச்சிருவாவ. முடிவு எப்பிடித்தான் முன்னாடியே தெரியுமோ..."

சொல்லிவிட வேண்டிய இடம் அதுதான். வாய் வரைக்கும் வந்தது. "ஆமா அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்து பைக்கை எடுத்துவிட்டேன்.

அக்கா நான் எழுதுவதை வாசிப்பார். இதையும் வாசிப்பார். நேரில் சொல்லத் துணிவில்லாமல்தான், அக்கா, இங்கே சொல்கிறேன்.

போய் வாருங்கள் அண்ணா.