அடுப்புக்குப் போகாத வாயு

சமையல் காஸ் சிலிண்டருக்காக நாடே வரிசையில் நின்ற வருடம், யாழ்ப்பாணத்து அரியாலையில் ஒரு வீட்டுக் குசினியில் நடந்தது இது. அந்த வீட்டு அக்காவிடம் ஐந்து மாடுகள். சாணியிலிருந்து வரும் வாயுவைப் பின்வளவில் பெரியதொரு றப்பர் பையில் பிடித்து, அதில்தான் சமைத்துக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்துத் திருநெல்வேலியில் இரசாயனம் படிப்பிப்பவன். பொலிமர் எனப்படும் பல்பகுதியத்தில் மயிர் போன்ற குழல்கள் செய்து, அதன் மூலக்கூறுகளில் அமைன் கூட்டங்களை ஒட்டவைத்தால், அது ஒரு வாயுவைக் கடக்கவிட்டு மற்றதை மறிக்கும் சவ்வாகிவிடும். சாணிவாயுவில் எரிவது மெதேன். கூடவரும் காபனீரொட்சைட்டு நெருப்பை மந்தமாக்கும். எனது சவ்வு காபனீரொட்சைட்டை வெளியேவிட்டு மெதேனை மறித்துவைத்தது. ஆய்வுகூடத்தில் அது ஒழுங்காக வேலை செய்தது. ஆய்வுகூடத்தில் நானும் ஒழுங்காகத்தான் வேலை செய்வேன்.

அந்தச் சவ்வு பூட்டிய கருவியை அக்காவின் குசினி மேசையில் வைத்து, வாயுப் பையோடு பொருத்தினேன். அதிலிருந்து வெளியே வருவது இரண்டு குழாய்கள். சவ்வைக் கடந்து வருவது கழிவு, கடக்காமல் நிற்பதுதான் அடுப்புக்கு. "தேத்தண்ணி வடி மாதிரி நினைக்காதேங்கோ, இஞ்சை வடியிறதுதான் குப்பை" என்று வருடக்கணக்காக வகுப்பில் கத்தியவன் நான். ஆனால் கைக்கு என்னுடைய விரிவுரையைவிடத் தேத்தண்ணிப் பழக்கம் அதிகம். வடிந்து வரும் குழாயை அடுப்பில் கொழுவினேன். மற்றது யன்னல்வரை எட்டவில்லை. கழிவுதானே என்று மேசைக்குக் கீழே விட்டேன்.

குச்சியை உரசி அடுப்பில் பிடித்தேன். அணைந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. நெருப்புப்பெட்டி ஈரம் என்று தீர்ப்புச் சொல்லி, வேறு பெட்டி கேட்டுவிட்டு, அடுப்பைக் குடைந்துகொண்டு நின்றேன். பெட்டியோடு வந்த அக்கா யன்னலால் பின்வளவைப் பார்த்தார்.

"சேர், பை வத்திக்கொண்டு போகுது. அடுப்பும் எரியேல்லை. அப்ப காஸ் எங்கை போகுது?"

"அது அமுக்கம் சம்பந்தப்பட்ட விசயம் அக்கா. நீங்கள் பெட்டியைத் தாங்கோ."

அவர் தரவில்லை. பெட்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். நான் விளக்கம் தொடங்க, "முதல்ல வெளியாலை வாங்கோ, பிறகு படிப்பிக்கலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பையின் வால்வையும் பூட்டினார்.

மாட்டுக்கொட்டிலடியில் நின்று குழாய்களை மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தொடர்ந்துபோனபோதுதான் பிழை பிடிபட்டது. அடுப்புக்குப் போனது கழிவு; மேசைக்குக் கீழிருந்து மெதேன் அந்தச் சின்னக் குசினியை நிறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. சாணி மணத்தை எனது சவ்வு அருமையாகப் பிரித்து அடுப்புப் பக்கம் அனுப்பிவிட்டதால், மேசைக்குக் கீழே வந்தது மூக்குக்கும் தெரியவில்லை.

அப்போதும் என் வாய், "இந்தக் குழாய் வித்தவன்..." என்றுதான் தொடங்கியது. அவர் என்னைப் பார்த்தார். "என்ரை பிழைதான் அக்கா" என்றேன்.

"ஓம். அமுக்கம் எண்டு சொல்லேக்கையே விளங்கினது."

'சேர் சொல்றார்' என்று அவர் அந்தப் பெட்டியை நீட்டியிருந்தால் அந்தக் குசினியும் இல்லை, நாங்கள் இரண்டு பேரும் இல்லை. யாராவது நான் சொல்வதை மறுபேச்சில்லாமல் தலையாட்டி ஏற்றுக்கொள்ளும்போது, இன்றைக்கும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயம் வருகிறது.