பாண்டிக்குப் புறப்பட்ட குடை

ஈஸ்வரமூர்த்திப் பிள்ளை செத்ததற்கு ஒரு ஜோடிப் புதுச் செருப்புதான் காரணம். ஊரில் வேறு என்னென்னவோ சொன்னார்கள். அவர் காலைக் கழுவிக் கட்டியவள் நான். அதனால் எனக்குத் தெரியும்.

உதியன்குளங்கரையில் பெருவழியை ஒட்டி அவர் வீடு. நெய்யாற்றின்கரைக் கச்சேரியில் நகலெழுதும் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். பிள்ளைகள் இல்லை. மனைவி கோமளவல்லியம்மாள் நல்லவள், பயந்தவள். நான் பக்கத்தில் செங்கல் என்ற ஊரில் இருந்தேன். புருஷன் போன பிறகு திருவனந்தபுரத்தில் தங்கிப் பேறு பார்க்கவும் நோயாளியைக் கவனிக்கவும் படித்துவிட்டு வந்து, சுற்றிலும் உள்ள கிராமங்களில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன். மூலம் திருநாள் மகாராஜா ஆண்ட காலம். மோட்டார் வண்டி எங்கள் பக்கம் வரவில்லை. தூரம் போகவேண்டுமானால் காளைவண்டிதான்.

பிள்ளைக்கு நீரிழிவு. நான் முதலில் அந்த வீட்டுக்குப் போனது அதற்காகத்தான். நோயைப் பற்றிக் கேட்டால் அவர் பாண்டியைப் பற்றிப் பேசுவார்.

பாண்டி என்று நாங்கள் சொல்வது ஆரல்வாய்மொழிக்கு அப்பால் உள்ள வெள்ளைக்காரன் சீமையை. அங்கே பேசுவதும் தமிழ்தான், ஆனாலும் வேறு ராஜ்யம். சக்கரம், பணம் என்கிற நம்முடைய நாணயங்கள் அங்கே செல்லாது. எல்லையில் வண்டியை நிறுத்திப் புகையிலை உண்டா, உப்பு உண்டா என்று வைக்கோலுக்குள் கைவிட்டுத் துழாவுவார்கள். திருவனந்தபுரத்துக்காரர்கள் எங்களைப் பாண்டிக்காரர் என்பார்கள். பாண்டிக்குப் போனால் அங்குள்ளவர்கள் எங்களை மலையாளத்தான் என்பார்கள். பிள்ளை இரண்டாவது ஏச்சை இன்னும் வாங்கவில்லை. வாங்கவேண்டும் என்று ஆசைப்பட்டார்.

ஆசை வந்த வழி சாதாரணமானது. அங்கிருந்து சரக்கு ஏற்றி வரும் வண்டிக்காரர்கள் அவர் வீட்டுக்கு எதிரே மாட்டை அவிழ்த்துவிட்டுக் கஞ்சி காய்ச்சுவார்கள். அவர்களில் ஒருவன் ஒருநாள், "எங்க ஊருல நின்னா, நாளைக்கு வாற ஆளை இன்னைக்கே பாத்துரலாம்" என்று சொல்லியிருக்கிறான். அதிலே விழுந்துவிட்டார். எங்கள் ஊரில் தென்னையும் பலாவும் மூடிக்கிடக்கும். ஒரு ஆள் வருவது அவன் வாசலில் வந்து செருமினால்தான் தெரியும். வாழ்நாளெல்லாம் மரத்தடியிலும் கச்சேரி உத்தரத்தடியிலும் இருந்தவருக்குக் கண் எட்டுகிற மட்டும் தரை என்பது பெரிய சங்கதியாகப் பட்டது.

அதன்பிறகு வழியில் போகிற ஒருவரையும் சும்மா விடமாட்டார். சீலைக்காரன், கருப்பட்டிக்காரன், பரதேசி, யாராக இருந்தாலும் கூப்பிட்டு உட்கார வைத்து மோர் கொடுப்பார். பணகுடியில் எந்தக் கிணற்று வெள்ளம் குடிக்க நல்லது? வள்ளியூருக்கு இப்புறம் நிழல் உண்டா? நாங்குனேரிக் குளத்தில் மாடு குளிப்பாட்ட விடுவார்களா? கேட்டதையெல்லாம் மனதில் அடுக்கி வைத்துக்கொள்வார். அவர் திட்டத்தில் அவசரம் என்பதே இல்லை. மாடு நடக்கிறவரைக்கும் நடக்கட்டும். மாடு நின்றால் நாமும் நிற்போம். வெயில் ஏறினால் ஒரு ஆலமரம், இறங்கினால் மறுபடி வண்டி. பதநீர் கண்டால் இறங்கிக் குடிக்கவேண்டும். நீரிழிவுக்குப் பதநீர் ஆகாது என்றேன். "குடிக்கிறவனைப் பாப்பேன், போதுமா?" என்றார்.

யாருக்கும் இது புரியவில்லை. கோயிலுக்கு நேர்ச்சை இல்லை, கல்யாணம் இல்லை, வழக்கு இல்லை. பிறகு எதற்குப் போகிறார்? கேட்டால் "சும்மா" என்பார். அந்தப் பதில் கோமளவல்லியம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. தாமிரபரணியில் முங்கிக் குளிக்கப் போகிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள்.

வண்டிக்குப் பொன்னையனைப் பேசினார். பொன்னையன் நிதானமான ஆள், மாட்டை அடிக்கமாட்டான். கும்பமாசம் அறுப்பு முடிந்து போவதாக ஏற்பாடு. பாண்டியில் உடைமுள் குத்தும் என்று யாரோ சொன்னதால், பாறசாலையில் சொல்லித் தடித்த தோலில் செருப்பு செய்து வாங்கினார். தோல் பழகட்டும் என்று அதைப் போட்டுக்கொண்டு காலையும் மாலையும் முற்றத்தில் நடந்தார். நீரிழிவு முற்றியவனுக்குப் பாதத்தில் உணர்ச்சி இருக்காது. செருப்பு கடித்தது அவருக்குத் தெரியவில்லை. கோமளவல்லியம்மாள் தரையில் ஈரத்தைப் பார்த்து, அவர் கால் கழுவிவிட்டு வந்திருப்பதாக நினைத்தாள். நான் போனபோது வலது பெருவிரலுக்குக் கீழே ஒரு புண் திறந்து கிடந்தது.

கார்பாலிக் மருந்து விட்டுக் கழுவி, செத்த தோலை வெட்டி, துணி கட்டினேன். கால் தரையில் படக்கூடாது, யாத்திரையை அடுத்த மாசம், மீனத்துக்குத் தள்ளிப்போடுங்கள் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

ஆனால் சோசியர் கும்பத்தில் குறித்துக் கொடுத்திருந்த நாள் வந்ததும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மீனத்தில் நாள் சரியில்லையாம். அதற்கும் எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு. நல்ல நேரத்தில் ஆள் கிளம்ப முடியாவிட்டால், போகிற திசையில் உள்ள ஒரு வீட்டில் அவனுடைய சாமானைக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் வைப்பது என்று பெயர். சாமான் கிளம்பினால் ஆளும் கிளம்பிய கணக்கு. பிறகு சௌகரியம்போல் போய் அதை எடுத்துக்கொண்டு பயணத்தைத் தொடரலாம். ஆனால் சாமானைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது. ஆளும் எதிர்த்திசையில் அடியெடுத்து வைக்கக்கூடாது. வைத்தால் அந்த யாத்திரையோடு ஆயுளும் முறியும் என்பார்கள்.

பிள்ளை தன் குடையையும், ஒரு மல்வேட்டியில் கொஞ்சம் அரிசியையும் முடிந்து, பொன்னையனிடம் கொடுத்துத் தெற்கே பாறசாலையில் தன் சித்தப்பா மகன் பூதலிங்கம் வீட்டில் வைக்கச் சொன்னார். பூதலிங்கத்துக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணன் எதுக்கு அலையணும்? குடை போய் ஊரைப் பாத்துட்டு வந்து சொல்லட்டும்" என்று சொல்லியனுப்பினார். பிள்ளையும் சிரித்தார். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் கட்டை அவிழ்த்தபோது விரல் கறுத்திருந்தது. வாடை வந்தது. அந்த வாடை ஒருமுறை மூக்கில் ஏறியவர்களுக்கு மறக்காது. விரலை எடுக்கவேண்டும், இன்றைக்கே திருவனந்தபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன். நான் படித்த இடம், எனக்குத் தெரிந்தவர்கள் உண்டு, கூடவே வருகிறேன் என்றும் சொன்னேன்.

பிள்ளை கோபப்படவில்லை. கச்சேரியில் ஒரு மனுவைத் திருப்பிக் கொடுப்பதுபோல் அமைதியாகச் சொன்னார்:

"நர்சம்மா, நான் தெக்க புறப்பட்டாச்சு. இனி வடக்க போகப்படாது."

"புறப்பட்டது குடை. நீங்க கட்டில்ல கிடக்கீங்க."

"குடை போனா நான் போனதாக்கும்."

அப்படியானால் தெற்கேயே போவோம் என்றேன். போகிற வழியிலேயே மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று உண்டு, கத்தி பிடிக்கத் தெரிந்த துரை இருக்கிறார், வண்டியைப் பூட்டச் சொல்லுங்கள் என்றேன். பிள்ளைக்கு முகம் தெளிந்தது. அதற்குக் கோமளவல்லியம்மாள் குறுக்கே நின்றாள். அங்கே போனால் கிறிஸ்தவ வேதக்காரர் கையால் கஞ்சி குடிக்கவேண்டும், கழுத்தில் கிடக்கிற ருத்திராட்சத்தைக் கழற்றச் சொல்வார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அப்படியெல்லாம் இல்லை என்றேன். கேட்கவில்லை. வடக்கே போக அவருக்கு மனமில்லை, தெற்கே விட இவளுக்கு மனமில்லை. நாட்டு வைத்தியர் வந்து பச்சிலை வைத்துக் கட்டினார். நான் வந்து அதை எடுத்துப்போட்டுக் கழுவினேன். நான் போனதும் திரும்ப வைத்தார்கள். கறுப்பு விரலைத் தாண்டிப் பாதத்துக்கு வந்தது. பாதத்தைத் தாண்டிக் கணுக்கால் வீங்கியது. அப்போதும் அவர் வழியில் போகிறவர்களைக் கூப்பிட்டு வள்ளியூர் நிழலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். வாடை தாங்காமல் அவர்கள் மோரை நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போனார்கள்.

காய்ச்சலில் அவர் பிதற்றத் தொடங்கிய பிறகுதான் கோமளவல்லியம்மாள் இறங்கி வந்தாள். பானையும் அரிசியும் தன் கையோடு எடுத்துக்கொள்வேன், அங்கே நானே பொங்குவேன் என்றாள். நல்லது என்றேன்.

பொன்னையன் வண்டியில் வைக்கோலைக் கனமாக விரித்தான். பாறசாலையில் பூதலிங்கம் குடையையும் வேட்டி முடிச்சையும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வழியோரம் நின்றார். அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. பிள்ளை குடையை வாங்கித் தன் பக்கத்தில் கிடத்திக்கொண்டார்.

"எலே பொன்னையா, பைய போ. நமக்கு என்ன அவசரம்?"

"அப்படியே ஏமானே" என்றான் பொன்னையன். என்னைத் திரும்பிப் பார்த்தான். விரட்டு என்று நான் கையைக் காட்டினேன். மாட்டை அடிக்காதவன் அன்று வாலை முறுக்கினான்.

பிள்ளை வண்டியின் பின்பக்கம் பார்த்துக் கிடந்தார். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்த நேரம். களியக்காவிளைச் சந்தையைத் தாண்டியதும், வழியில் பார்த்ததையெல்லாம் முதல் தடவை பார்ப்பவர்போலச் சொல்லிக்கொண்டு வந்தார். குழித்துறை ஆற்றைக் கண்டதும் கோமளவல்லியம்மாள் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஆற்று வெள்ளத்தை ஒரு செம்பில் கோரிக்கொண்டு வந்து அவர் தலையில் தெளித்தாள்.

"இதையும் தாமிரபரணின்னுதான் சொல்லுவாங்க. இது போதும். இனி வீட்டுல இருங்க" என்று அழுதாள்.

"போதாது" என்றார் பிள்ளை.

ஆஸ்பத்திரியில் துரை கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். முழங்காலுக்கு மேலே எடுக்கவேண்டும், எடுத்தாலும் நிச்சயம் சொல்வதற்கில்லை என்றார். நான் அதை மாற்றாமல் பிள்ளையிடம் சொன்னேன். ஒற்றைக்காலோடு வண்டியில் உட்கார முடியுமா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். பிழைத்தால் முடியும் என்றார் துரை. அப்படியானால் எடுக்கட்டும் என்றார்.

எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து அவர் பேசிய முதல் பேச்சு, "பொன்னையன்கிட்ட சொல்லுங்க, இனி ஒத்தைச் செருப்பு போதும்" என்பது. ருத்திராட்சத்தை யாரும் தொடவில்லை. கோமளவல்லியம்மாள் வேப்பமரத்தடியில் கல் கூட்டிக் கஞ்சி வைத்தாள். அவர் குடித்தது கொஞ்சம். மீதியைப் பொன்னையன் குடித்தான்.

காய்ச்சல் இறங்கவில்லை. வெட்டிய இடத்தில் சீழ் வைத்தது. நான் கட்டு மாற்றும்போதெல்லாம் அவர் திட்டத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார். நாங்குனேரி வேண்டாம், வள்ளியூர் போதும் என்றார். பிறகு வள்ளியூரும் வேண்டாம், பணகுடி போதும் என்றார். கடைசியில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி மரமில்லாத இடத்தில் வண்டியைக் கொஞ்சநேரம் நிறுத்தினால் போதும் என்று வந்து நின்றார்.

அன்று காலை சீழைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்தார்.

"இஞ்சயிருந்து ஆரல்வாய்மொழி தூரமா?"

"காலம்பற வண்டி பூட்டினா பொழுது சாயப் போய்ச் சேரலாம்."

"நான் போவேனா?"

கோமளவல்லியம்மாள் கதவடியில் நின்றாள். போவார் என்று சொல்லுங்கள் என்று என்னைக் கண்ணால் கெஞ்சினாள். நோயாளி நேராகக் கேட்டால் நேராகச் சொல்வதுதான் என் பழக்கம்.

"போகமாட்டீங்க அண்ணாச்சி."

மேலே கூரையைப் பார்த்தார். அங்கேயும் உத்தரம்தான் இருந்தது.

"சாரமில்ல, போகட்டும்" என்றார். "அந்தக் குடையைக் காலடியிலேந்து எடுத்துருங்க. இடிக்குது."

குடை கிடந்த வலது பக்கத்தில் இடிப்பதற்குக் கால் இல்லை. நான் குடையை எடுத்துச் சுவரோடு சாய்த்து வைத்தேன். அதன்பிறகு அவர் பாண்டியைப் பற்றிப் பேசவில்லை. கஞ்சியும் குடிக்கவில்லை. மறுநாள் நண்பகலுக்கு முன் போய்விட்டார்.

அதே வண்டியில், அதே வைக்கோலில் வடக்கே கொண்டுவந்தோம். குடையையும் முடிச்சையும் என்ன செய்வது என்பதுதான் வழியெல்லாம் பேச்சு. வீட்டுக்குள் வரக்கூடாது என்றாள் கோமளவல்லியம்மாள். பூதலிங்கம் தன் வாசலிலும் இறக்கச் சம்மதிக்கவில்லை. நான் கொண்டுபோனேன். வேட்டி நல்ல மல் துணி. வெந்நீரில் அவித்துக் கிழித்து, பிரசவங்களுக்குக் கட்டுத்துணியாக்கினேன். அரிசியைக் கஞ்சி வைத்தேன். குடை எனக்குப் பல மழைக்காலம் உதவியது.

அடுத்த வருஷம் பொன்னையனுக்குத் தேங்காய்ப் பாரம் ஏற்றிக்கொண்டு வள்ளியூர்வரை போக வேலை வந்தது. திரும்பி வந்தவனை வழியில் கண்டு, அங்கே எப்படி என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்ல அம்மா. பாக்க ஒண்ணும் இல்ல. வெறும் வெயிலாக்கும்."

"நாளைக்கு வாற ஆளை இன்னைக்குப் பாத்தியா?"

"ஆளே வரல்ல" என்றான்.

உதியன்குளங்கரைக்குப் போய்க் கோமளவல்லியம்மாளிடம் அதைச் சொன்னேன். முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, "அப்ப சரி" என்றாள். மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.